முயல்களுக்கு வந்த வைரஸ் நோயும் அயர்லாந்தின் துரத்தல் போட்டியும்: வலை வீசுவதை நிறுத்தத்தான் வேண்டுமா?

வயலோரம் எழுதியது:

2019 ஆகஸ்டில் அயர்லாந்து அரசு, ‘கோர்சிங்’ எனப்படும் முயல் துரத்தல் போட்டிகளுக்காக முயல்களைப் பிடிக்க வழங்கியிருந்த உரிமத்தை நிறுத்திவைத்தது. ஆர்.எச்.டி.2 என்று சுருக்கி அழைக்கப்படும் குருதிக்கசிவு நோய் கிளேர், விக்லோ கவுண்டிகளில் (மாவட்டங்களில்) குழிமுயல்களிடமும், வெக்ஸ்ஃபோர்டில் ஒரு முயலிடமும் கண்டறியப்பட்டதே அதற்குக் காரணம். ஆனால் அக்டோபரிலேயே, நோய் கண்ட இடங்களிலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவுக்குள் பிடிக்கக் கூடாது என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு உரிமம் திரும்பவும் கொடுக்கப்பட்டது. அப்படிக் கொடுத்தது தவறு என்றே நான் இன்றும் கருதுகிறேன். அந்தத் தவறு இனி நிகழக் கூடாது என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். தமிழில் இரண்டையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம். வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வதைக் குழிமுயல் என்றும், வளை தோண்டாமல் புல்லுக்குள் தனியே படுத்துக் கிடப்பதை முயல் என்றும் இங்கே வேறுபடுத்தி எழுதுகிறேன். போட்டியில் ஓடுவது இரண்டாவது வகை. அயர்லாந்து முயல் மலை முயலின் உள்ளினம். அந்தத் தீவுக்கே உரியது. 1976ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்றது.

இலையுதிர் காலத்தில், போட்டி நடத்தும் உள்ளூர் மன்றங்களின் உறுப்பினர்கள் வயலின் ஒரு பக்கம் வலை கட்டி, மறுபக்கத்திலிருந்து வரிசையாக நடந்து முயல்களை விரட்டிப் பிடிக்கிறார்கள். பல வயல்களிலிருந்து பிடித்தவற்றை ஒரே பட்டியில் வாரக்கணக்கில் அடைத்து, களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடப் பழக்கி, போட்டி நாளில் வாய்க்கூடு மாட்டிய இரண்டு கிரேஹவுண்ட் நாய்களை அவற்றின் பின்னே அவிழ்த்து விடுகிறார்கள். முடிந்ததும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இயல்பில் தனித்து வாழும் விலங்கைக் கூட்டமாக அடைப்பதும், பிறகு பல திசைகளுக்கு அனுப்புவதும் ஒரு தொற்றுநோய்க் காலத்தில் செய்யத் தகுந்த செயலா?

ஓட்டக்களம் எழுதியது:

அயர்லாந்தின் டிப்பரரி கவுண்டியில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். உள்ளூர் மன்றம் ஒன்றில் வலை பிடிக்கும் வேலைக்கு ஒவ்வொரு ஆண்டும் போகிறேன். ஆகவே நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வயலோரம் அவர்கள் வலையையும் பட்டியையும் விவரித்தார். ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையை விட்டுவிட்டார். முயல் இருக்கும் வயல்களில் நரியைக் கட்டுப்படுத்துவது, திருட்டு வேட்டைக்காரர்களை விரட்டுவது, குட்டிகள் இருக்கும் பருவத்தில் புல் வெட்டுவதைத் தள்ளிப்போடும்படி விவசாயியிடம் பேசுவது ஆகியவற்றையெல்லாம் மன்றத்தினரே செய்கிறார்கள். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மன்றங்கள் பராமரிக்கும் நிலங்களில் முயல்களின் அடர்த்தி மற்ற நாட்டுப்புறத்தைவிட ஏறத்தாழ 18 மடங்கு என்று கண்டார்கள். 1993இல் வாய்க்கூடு கட்டாயமான பிறகு, பிடிக்கப்பட்ட முயல்களில் இறப்பவை ஏறத்தாழ 16 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைந்தன என்பதும் அதே பல்கலைக்கழகத்தாரின் முந்தைய ஆய்வில் உள்ளது.

தடை செய்தால் நடப்பது என்ன என்பதற்குச் சான்றாக இங்கிலாந்து பக்கத்திலேயே இருக்கிறது. 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்ததும் அங்கே பெயர்பெற்ற முயல் துரத்தல் போட்டியான வாட்டர்லூ கோப்பை நின்றது. ஆனால் லிங்கன்ஷர், கேம்பிரிட்ஜ்ஷர் வயல்களில் இரவும் பகலும் கார்களில் வந்து, பந்தயம் கட்டி, விவசாயிகளை மிரட்டி, வாய்க்கூடு இல்லாத நாய்களை ஏவும் கும்பல்கள் நிற்கவில்லை. அதற்காகவே 2022இல் தண்டனையைக் கடுமையாக்க வேண்டியிருந்தது. நாங்கள் நடந்து காவல் காக்கும் வயலில் நோயுற்ற முயல் விழுந்தால் அதே நாளில் கண்ணில் படும். நாங்கள் இல்லாத வயலில் காகம்தான் முதலில் பார்க்கும்.

நுண்ணோக்கி எழுதியது:

நான் கால்நடை நோயியல் படித்தவள். இருவர் சொல்வதிலும் நோயைப் பற்றிய பகுதி குறைவாக இருப்பதால் அதை நிரப்ப முயல்கிறேன்.

குருதிக்கசிவு நோய் முதன்முதலாக 1984இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்ட அங்கோரா வளர்ப்புக் குழிமுயல்களில் கண்டறியப்பட்டது. அந்தப் பழைய வைரஸ் வளர்ந்த குழிமுயல்களைக் கொன்றது. குட்டிகள் பெரும்பாலும் தப்பின. முயல்களைப் பெரிதாகத் தொடவில்லை. முயல்களுக்கென்று 1980களின் தொடக்கத்தில் சுவீடனில் கண்டறியப்பட்ட வேறொரு நோய், ஐரோப்பியப் பழுப்பு முயல் நோய்க்குறி, தனியே இருந்தது. 2010இல் பிரான்சில் தோன்றிய இரண்டாம் வகை வைரஸ், அதாவது ஆர்.எச்.டி.2, இந்த எல்லையை உடைத்தது. அது குட்டிகளையும் கொல்கிறது. சார்டினியா, இத்தாலி, சுவீடன், பிரிட்டன் என்று பல இடங்களில் வெவ்வேறு முயல் இனங்களிலும் அது காணப்பட்டிருக்கிறது. தொற்றிய சில நாட்களிலேயே கல்லீரல் அழிந்து, பல வேளைகளில் வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல், சில வேளை மூக்கில் சிறிது இரத்தத்தோடு விலங்கு இறந்துவிடும். நாய்க்கும் மனிதருக்கும் இது தொற்றாது. ஆனால் காலணி, வலை, துணி, வண்டிச் சக்கரம், ஈ, பிணம் தின்ற பறவையின் எச்சம் ஆகிய எல்லாவற்றிலும் பயணம் செய்யும். உலர்ந்த துணியில் மூன்று மாதத்துக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கும்.

ஓட்டக்களம் அவர்களே, நீங்கள் சொன்ன 18 மடங்கு என்ற எண்ணை நான் மதிக்கிறேன்; ஆனால் அதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். முயல் முன்பே மிகுந்திருந்ததால் மன்றம் அந்த நிலத்தைத் தேர்ந்ததா, மன்றம் காத்ததால் முயல் மிகுந்ததா என்பதை அந்த ஒரு எண்ணால் சொல்லிவிட முடியாது. மேலும், நோய் இல்லாத காலத்தில் பெருமையாக இருக்கும் அடர்த்தி, நோய் வந்த காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வேய்ந்த ஓலைக் கூரைகள் போன்றது; ஒன்றில் பற்றிய தீ எல்லாவற்றுக்கும் தாவிவிடும்.

வயலோரம் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அயர்லாந்துக்குள் இந்த வைரஸ் வர மன்றங்கள் காரணம் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. வளர்ப்புக் குழிமுயல்களில் அது 2016லேயே அங்கே இருந்தது. போட்டியை நிறுத்தினால் நோய் நின்றுவிடும் என்று யாரும் சொல்ல வேண்டாம். நோய்க்கு மனிதர் திறந்துவிடும் வழிகளில் ஒன்று அடைபடும் என்று மட்டுமே சொல்லலாம்.

இளவேனில் எழுதியது:

ஸ்பெயினில், ஆண்டலூசியாவில் இருக்கிறேன். இங்கே நடந்தது உங்கள் விவாதத்துக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

2018 கோடையில் இங்கே ஐபீரிய முயல்கள் கண் இமை வீங்கி, பார்வை இழந்து, சாலையோரங்களில் தட்டுத்தடுமாறித் திரிந்தன. அது மிக்சோமடோசிஸ் என்ற வைரஸ் நோய். அதற்கு முன் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழிமுயல்களை மட்டுமே பெருமளவில் கொன்றுவந்த அந்த வைரஸ், மரபணுக் கலப்பால் மாறி முயல்களுக்குத் தாவியிருந்தது. முதலில் பார்த்தவர்களில் வேட்டைக்காரர்களும் கால்கோ வேட்டைநாய் வளர்ப்பவர்களும் இருந்தார்கள். ஆகவே நிலத்தில் நடப்பவர்களே நோயை முதலில் காண்பார்கள் என்று ஓட்டக்களம் சொல்லும் வாதத்தை நான் எளிதில் தள்ள மாட்டேன்.

ஆனால் எங்கள் ஊர் முறையில் முயலைப் பிடிப்பதே இல்லை. ஆட்கள் வரிசையாகத் தரிசில் நடப்பார்கள். முயல் தானாக எழுந்தால் நாய்களை விடுவார்கள். தப்பினால் அது பிறந்த நிலத்திலேயே இருக்கும். நோயின் கண் கொண்டு பார்த்தால் தீங்கு ஓட்டத்தில் இல்லை, இடம் மாற்றுவதில் இருக்கிறது. பிரான்சில் அர்மான் தெலீல் என்ற மருத்துவர் 1952இல் தம் தோட்டத்துக் குழிமுயல்களை ஒழிக்க மிக்சோமா வைரஸை விட்டார். மறு ஆண்டே அது பிரிட்டனின் கென்ட் வரை போய்விட்டது. பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1955இல் அவருக்கு 5,000 பிராங்க் அபராதம் விதிக்கப்பட்டது. பயிர் காத்தவர் என்று அடுத்த ஆண்டே பதக்கமும் கொடுக்கப்பட்டது. வெறுமையான நிலங்களை நிரப்ப வேட்டைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது: அமெரிக்கப் பஞ்சுவால் முயல்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றும் ஸ்பெயினில் வேட்டைக்காகக் குழிமுயல்களைப் பெரும் எண்ணிக்கையில் ஓரிடத்தில் பிடித்து வேறிடத்தில் விடுகிறார்கள். குழிமுயலையே நம்பி வாழும் ஐபீரிய லிங்ஸ் பூனை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கியதில் மிக்சோமா, குருதிக்கசிவு நோய் ஆகிய இரண்டின் வைரஸ்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

ஓட்டக்களம் எழுதியது:

இளவேனில் சொல்லும் முறை நோய்க்கு நல்லது, முயலுக்கு நல்லதா? திறந்த வெளியில் வாய்க்கூடு இல்லாத நாய் முயலைப் பிடித்தால் கொன்றுவிடும். எங்கள் போட்டியில் வாய்க்கூடு உண்டு. நாய்களை விடுமுன் முயல் ஓடிக்கொள்ள இடைவெளி உண்டு. மறுமுனையில் நாய் நுழைய முடியாத ஒதுங்கிடம் உண்டு. இவற்றையெல்லாம் ஒரு வேலியிட்ட களத்தில்தான் அமைக்க முடியும். களம் வேண்டும் என்றால் முயலைக் கொண்டுவரத்தான் வேண்டும். முப்பது ஆண்டுகளாக விலங்கு நலம் பேசியவர்கள் எங்களை எந்தத் திசையில் தள்ளினார்களோ, அதே திசையை இப்போது நோயின் பெயரால் குற்றம் சொல்வது எங்களுக்கு நேர்மையாகப் படவில்லை.

ஆயினும் இரண்டு இடங்களில் நான் இறங்கிவருகிறேன். பிடித்த வயலிலேயே திரும்ப விடுவது நிபந்தனையாக மட்டும் இல்லாமல், ஒவ்வொரு முயலுக்கும் எழுதி வைத்துச் சரிபார்க்கும் வழக்கமாக வேண்டும். ஒரு மன்றத்தின் வலையும் பெட்டியும் இன்னொரு மன்றத்துக்கு இரவலாகப் போவது நிற்க வேண்டும். அது நடந்ததை நான் பார்த்திருக்கிறேன், அப்போது நானும் ஒன்றும் சொல்லவில்லை.

வயலோரம் எழுதியது:

இரவல் வலையைப் பற்றி நீங்கள் ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. என் கேள்வியும் அந்த இடத்திலிருந்தே எழுகிறது.

நான் இருப்பது வெக்ஸ்ஃபோர்டில். 25 கிலோமீட்டர் வட்டம் வரையும் போது அதன் கோடு ஒரு குன்றின் மேல் விழலாம். குன்றின் ஒரு சரிவில் மேயும் முயலைப் பிடிக்கக் கூடாது, மறு சரிவில் மேயும் முயலைப் பிடிக்கலாம் என்று ஆகிறது. இரவில் அவை இடம் மாறி மேய்வதை வட்டம் அறியாது. அதைவிடப் பெரிய குறை, வட்டத்தின் நடுப்புள்ளி நோய் இருக்கும் இடமன்று, யாரோ ஒருவர் பிணத்தைக் கண்டு, அதை ஆய்வுக்கு அனுப்பிய இடம் என்பது. நுண்ணோக்கி அவர்கள் சொன்னபடி அறிகுறியின்றி இறக்கும் விலங்கு, முழங்கால் உயரப் புல்லில், ஒரே இரவில் நரிக்கு இரையாகிவிடும். கண்டுபிடிக்கப்படாத நோய்க்கு வட்டம் கிடையாது.

நுண்ணோக்கி எழுதியது:

அந்த வாதம் சரியானது. ஆனால் அதே வாதம் ஓட்டக்களத்தின் பக்கமும் வெட்டும்: பிணத்தைக் கண்டு அனுப்புகிறவர்கள் குறைந்தால் நோய் குறைந்தது போலத் தோன்றும். தடைக் காலத்தில் மன்றத்தினர் வயலுக்குப் போவதையே நிறுத்திவிட்டால் அதுதான் நடக்கும்.

தடுப்பூசி பற்றித் தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். வளர்ப்புக் குழிமுயல்களுக்கு நல்ல தடுப்பூசி உண்டு; ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட வேண்டும் என்பதால் காட்டு விலங்குக்கு அது வழியன்று. விலங்கிலிருந்து விலங்குக்குத் தானே பரவும் தடுப்பூசியை ஸ்பானிய ஆய்வாளர்கள் மெனோர்கா அருகே ஒரு சிறு தீவில் குழிமுயல்களில் சோதித்துப் பார்த்ததுண்டு. அது பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

ஓட்டக்களம் அவர்களிடம் ஒரு கேள்வி, தயவுசெய்து நேராகப் பதில் சொல்லுங்கள். உங்கள் பட்டியில் அறுபது முயல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒன்று மூக்கில் இரத்தத்தோடு இறந்து கிடக்கிறது. ஆய்வு முடிவு வர நாட்கள் ஆகும். மற்ற ஐம்பத்தொன்பதை என்ன செய்வீர்கள்?

ஓட்டக்களம் எழுதியது:

இதற்கு நேற்றே பதில் எழுதத் தொடங்கி மூன்று முறை அழித்தேன்.

போட்டியை அன்றே நிறுத்துவேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் முயல்களை உடனே அவற்றின் வயல்களுக்கு அனுப்பினால், தொற்றியிருக்கக் கூடியவற்றைப் பத்து ஊர்களுக்கு நானே கொண்டு சேர்த்தவன் ஆவேன். பட்டியிலேயே வைத்திருந்தால், இன்னும் தொற்றாதவற்றைத் தொற்றும்வரை அடைத்து வைத்தவன் ஆவேன். கொல்வது என் கையால் நடக்காது. சட்டமும் அதற்கு இடம் தராது என்றே நினைக்கிறேன். முடிவு வரும்வரை பட்டியிலேயே வைத்து, தீவனம் போடும் ஒருவரைத் தவிர யாரையும் உள்ளே விடாமல் காத்திருப்பேன். அது சரியான பதில் என்று நான் சொல்லவில்லை. அதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

வயலோரம் எழுதியது:

எனக்கும் கிடைக்கவில்லை. அந்த ஐம்பத்தொன்பதும் செப்டம்பரில் தத்தம் வயலில் தனித்தனியே படுத்துக் கிடந்திருந்தால், இறந்தது அந்த ஒன்றாக மட்டும் இருந்திருக்கலாம். நோய் நடமாடும் ஆண்டுகளில் வலையை எடுக்காதீர்கள் என்பதற்கு மேல் நான் உங்களிடம் கேட்கவில்லை. வயலுக்கு வழக்கம்போல் போங்கள், எண்ணுங்கள், இறந்ததைக் கண்டால் வெறும் கையால் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு வனவிலங்குக் காவலருக்குத் தெரிவியுங்கள்.

ஓட்டக்களம் எழுதியது:

எண்ணுவதற்கு வருகிறேன். வலையைப் பற்றி எங்கள் மன்றக் கூட்டத்தில் பேச வேண்டும். அங்கே என்னைப் போல ஒருவன் சொன்னால் எல்லோரும் கேட்டுவிடுவார்கள் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. நுண்ணோக்கி அவர்கள் கேட்ட கேள்வியை அப்படியே அங்கே கேட்கப் போகிறேன்.