ஜார்ஜியா ப்ரீ-கே: ஆங்கிலம் தெரியாத பிள்ளையைச் சேர்க்கலாமா?

கேள்வி:
மகளுக்கு ஜூலையில் நாலு வயது முடியுது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக்கு வந்து ஆறு மாசம்தான். வீட்டில் தமிழ் மட்டும். பாத்ரூம் போகணும்னு கேட்கக்கூட அவளுக்கு ஆங்கிலம் வராது. கிண்டர்கார்டனுக்கு முந்தைய வருஷ வகுப்பான அரசு ப்ரீ-கேயில் விடலாமா? வருமான வரம்பு உண்டா?

பதில் 1:
வரம்பு இல்லைங்க. செப்டம்பர் 1-க்குள் நாலு வயது நிரம்பி, மாநிலத்தில் குடியிருந்தால் போதும். லாட்டரிப் பணத்தில் நடப்பதால் கல்விக் கட்டணம் கிடையாது. நாளுக்கு ஆறரை மணி நேரம். அதற்கு மேல் பார்த்துக்கொள்ளத் தனிக் காசு. இடம் சீக்கிரம் நிரம்பிடும்.

பதில் 2:
என் மகனும் இப்படித்தான் போனான். மூணு வாரம் வாசலிலேயே அழுகை, எனக்கும்தான். தண்ணி, பாத்ரூம், வலி, அம்மா என்று நாலு படம் வரைஞ்சு அட்டையாக்கிக் கொடுத்தேன். தொட்டுக் காட்டுவான். நவம்பரில் அவனே பையிலிருந்து எடுத்து வெச்சுட்டான். கிண்டர்கார்டன் போனப்போ எழுத்தைவிட, தன் முறை வரும்வரை காத்திருக்கப் பழகினதுதான் கைகொடுத்தது. வீட்டில் தமிழை மட்டும் நிறுத்திடாதீங்க.

கேட்டவர்:
நன்றிங்க. இன்னைக்கே படம் வரையறோம். அஞ்சாவதா பாட்டி படமும் வேணுமாம் அவளுக்கு.