ஸ்கேனைப் பார்த்தே கட்டியின் குணம் தெரிந்துவிடுமாம்!

கணக்கன்: நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஸ்கேன் படத்திலிருந்து கணினி எண்களை எடுத்து நோயைக் கணிக்கும் ரேடியோமிக்ஸ் வந்துவிட்டதாம், இனி பயாப்ஸியே தேவையில்லையாம், கட்டியின் மரபணுவையும் அது எங்கே பரவும் என்பதையும் சி.டி. ஸ்கேனே சொல்லிவிடுமாம். எல்லோரும் தூக்கிக்கொண்டு வருவது 2014 நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் கட்டுரையைத்தானே? 1,019 நோயாளிகள், ஸ்கேனிலிருந்து எடுத்த 440 அம்சங்கள் (வடிவம், அடர்த்தி போன்ற அளவுகள்), நோயாளி எவ்வளவு காலம் பிழைப்பார் என்ற கணிப்பு, சரி. 2019-ல் வேறொரு குழு அதே கணிப்பை எடுத்து, கட்டிக்குள் இருந்த வாக்ஸல்களை (ஸ்கேன் படத்தின் முப்பரிமாணப் புள்ளிகளை) கண்டபடி கலைத்துப் போட்டுப் பார்த்தது. கணிப்பு கொஞ்சமும் அசையவில்லை! அது அளந்ததெல்லாம் கட்டியின் பருமனைத்தான்.

நிழல்வாசி: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். பயாப்ஸி 'குறையலாம்' என்றேன், 'தேவையில்லை' என்று சொல்லவில்லை. ஊசி கட்டியின் ஒரு மூலையிலிருந்து துளி சதையை எடுக்கிறது, அடுத்த மூலையில் வேறு குணமுள்ள செல்கள் இருக்கலாம். ஸ்கேனில் முழுக் கட்டியும் தெரிகிறது. ஒரு வகை மூளைக் கட்டி டி2 என்ற வகைப் படத்தில் முழுக்க வெளுத்தும், ஃபிளேர் என்ற வகைப் படத்தில் உள்ளே கறுத்து ஓரம் மட்டும் வெளுத்தும் தெரிந்தால் ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இதுவும் பருமன்தானா?

கணக்கன்: அது எம்.ஆர்.ஐ., அதுவும் கண்ணால் பார்ப்பது. நான் கேட்டது கலைத்துப் போட்ட வாக்ஸல். பதில் எங்கே?

இளவேனில்: ஒரு சந்தேகம். 'பரவுவதைக் கணிப்பது' என்றால் ஏற்கெனவே பரவியதைக் கண்டுபிடிப்பதா, இனி பரவப்போவதைச் சொல்வதா?

கணக்கன்: அதெல்லாம் அப்புறம். வாக்ஸலைக் கலைத்தாலும் அதே விடை. முதலில் இதற்குப் பதில்.

இருட்டறை: நான் ஸ்கேன் எடுப்பவன். ஒரே ஆளின் படத்தை 1 மி.மீ. ஸ்லைஸில் ஒரு தடவை, 5 மி.மீ. ஸ்லைஸில் ஒரு தடவை போட்டால் டெக்ஸ்சர் எண்கள் (படத்தின் சொரசொரப்பைச் சொல்லும் அளவுகள்) வேறுவேறாக வரும். கர்னலை (படத்தைக் கூர்மையாக்கும் அல்லது மென்மையாக்கும் கணக்கு முறையை) மாற்றினாலும் அப்படித்தான். நிணநீர் முடிச்சில் 2 மி.மீ.க்குள் ஒளிந்திருக்கும் பரவலை எந்த சி.டி.யும் காட்டாது. எங்களை யார் கேட்கிறார்கள்?

நிழல்வாசி: 2020-லேயே ஐ.பி.எஸ்.ஐ. என்ற சர்வதேசக் குழு 169 அம்சங்களுக்கு வரையறை கொடுத்துவிட்டது சார். கணக்கன் 2019-ஐத் தாண்டி வரவே மாட்டார், போன மாதம் பி.இ.டி. ஸ்கேன் பற்றிய விவாதத்திலும் ஒரே வரியைப் பதினேழு தடவை எழுதினார்.

கணக்கன்: எண்ணியதற்கு நன்றி, பதில் சொல்லத்தான் நேரமில்லை போல! வரையறை வந்தால் எல்லோரும் ஒரே மாதிரி கணக்குப் போடுவார்கள், அவ்வளவுதான். அந்தக் கணக்கு கட்டியின் உயிரியலைச் சொல்கிறதா, பருமனைச் சொல்கிறதா? கலைத்துப் போட்டுப் பாருங்கள்.

சொல்லேர்: இருவருக்கும்: 'பருமன்' என்றால் குண்டு. 'கன அளவு' என்று எழுதுங்கள்.

கணக்கன்: பாடப்புத்தகத்திலேயே பருமன்தான் ஐயா. தமிழ் வகுப்பை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லேர்: எந்த வகுப்புப் பாடப்புத்தகம்?

நிழல்வாசி: பாருங்கள், இதற்கும் ஆதாரம் கிடையாது.

கணக்கன்: வாக்ஸலுக்குப் பதில் சொல்லாதவர் ஆதாரம் கேட்கிறார்.

இளவேனில்: என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.