வெர்மீரின் பெண்ணைப் பிரதி எடுத்த அனுபவம்

ஆயில் பெயிண்டில் முகம் வரையப் பழக நான் எடுத்துக்கொண்டது டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துக் காதணி அணிந்த பெண்'. 1665 வாக்கில் வரைந்தது, நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்தில் மவுரிட்ஸ்ஹுயிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசலே 44.5 × 39 செ.மீ.தான். அதனால் அதே அளவு கேன்வாஸிலேயே வரைந்தேன். பிரதி எடுப்பவர்கள் முடிந்தவரை அளவை மாற்றாதீர்கள். ஒவ்வொரு தீற்றலின் அகலத்தையும் அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

எடுத்தவுடன் தோல் நிறம் கலக்கவில்லை. வெர்மீரே முதலில் பழுப்பும் கறுப்புமாக ஒளியையும் நிழலையும் பிரித்துக்கொண்டார் என்று 2018இல் தொடங்கிய ஆய்வு காட்டியது. நானும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு நிறத்தை டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்து, முகம் முழுக்க அந்த ஒரே நிறத்தில் முடித்துக் காயவிட்டேன். அப்புறம்தான் வண்ணம். அடுக்கடுக்காக மேலே போகப் போக வண்ணத்தில் எண்ணெயின் அளவு கூட வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் வெடிப்பு விடும்.

உண்மையான பாடம் மூக்கில் இருந்தது. மூக்குத்தண்டுக்கும் அதற்கு அப்பால் தெரியும் கன்னத்துக்கும் நடுவே கோடே கிடையாது. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன. மீதியை நம் கண்ணே பூர்த்தி செய்துகொள்கிறது. பென்சிலில் பழகிய கை அங்கே ஒரு விளிம்பு போடத் துடிக்கும். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் லேசாகத் தடவித் தடவித்தான் அந்த இடம் வசப்பட்டது. எவ்வளவு தைரியம் அந்த மனிதருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

முத்தும் அப்படித்தான். காதில் மாட்ட கொக்கிகூட வரையவில்லை. மேலே கெட்டியாக ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே சட்டைக் காலரின் வெண்மை மங்கலாகப் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான்.

தலைப்பாகை நீலத்துக்கு அவர் அரைத்த லாபிஸ் லசூலி கல் நமக்குக் கட்டுப்படியாகாது. ட்யூபில் வரும் அல்ட்ராமரின் போதும். பின்னணியை வெறும் கறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் அது பச்சைத் திரை. மேலே பூசிய கிளேஸ், அதாவது அடிநிறம் ஊடுருவித் தெரியும் மெல்லிய வண்ணப் பூச்சு, காலப்போக்கில் வெளிறிப்போனது. கறுப்பு காய்ந்ததும் நான் மெல்லிய பச்சை கிளேஸ் ஒன்று கொடுத்தேன், முகம் சட்டென்று முன்னால் வந்தது.

வரையப்போகிறவர்கள் பழைய அச்சுப் படங்களை நம்ப வேண்டாம். உதட்டோரத்தில் உள்ள சின்ன ஒளிப்பொட்டு 1994 சீரமைப்பில்தான் வெளிப்பட்டது. அருங்காட்சியகமே தரும் பெரிய படத்தை வைத்துக்கொண்டு வரையுங்கள்.