கொழுந்துக் கூடையும் தோள்பட்டை முடிச்சும்

கேள்வி, கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். பல ஆண்டுகளாகத் தேயிலைக் கொழுந்து பறித்துவரும் என் தாயாருக்கு, வலது தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு தட்டுப்படுகிறது; அதை அழுத்தினால் வலி காதின் பின்புறம் வரை ஏறுகிறது என்கிறார். பனிக்காலக் காலைகளில் தலையைத் திருப்பவே சிரமப்படுகிறார். வீட்டிலேயே என்ன செய்யலாம்?

பதில் 1:
நான் குன்னூரில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். தாங்கள் சொல்லும் இடம், கழுத்திலிருந்து தோளுக்கும் மேல்முதுகுக்கும் பரவியிருக்கும் டிரபீசியஸ் என்னும் தசையின் மேற்பகுதி. கூடைப்பட்டையின் இழுப்பாலும், இரு கைகளும் மணிக்கணக்கில் முன்னே நீண்டிருப்பதாலும், அந்தத் தசை தளர வாய்ப்பின்றி இறுகிவிடுகிறது. முதலில் 15 முதல் 20 நிமிடம் மிதமான சூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பிறகு இடக்கை விரல்களால், பொறுக்கும் அளவுக்கு மட்டும், முடிச்சை 30 விநாடி அழுத்தி மெல்ல விடச் சொல்லுங்கள். அதன்பின் இடக்காதை இடத்தோளை நோக்கிச் சாய்த்து, வலத்தோள் மேலெழாமல் 20 முதல் 30 விநாடி இருக்க வேண்டும்; இதை மூன்று முறை செய்தால் போதும். கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 2:
நீலகிரித் தைலத்தை அப்படியே தேய்த்து, அதன்மேல் சூடான ஒத்தடமும் வைத்து, தோல் சிவந்து எரிந்து அவதிப்பட்டவன் நான். தேங்காய் எண்ணெயில் சில துளிகள் கலந்து, ஒத்தடம் முடிந்து தோல் ஆறிய பிறகே பூசுங்கள். வலியை அது சற்று மறக்கடிக்குமே தவிர, முடிச்சை அவிழ்ப்பது விரல்களும் ஓய்வும்தான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு ஒத்தடம் கொடுத்தோம். கூடைப்பட்டையில் பழைய கம்பளித் துண்டு ஒன்றையும் சுற்றியிருக்கிறேன்.