கோர்டீலியா கிரேயின் தோல்வார்

பி.டி. ஜேம்ஸ் எழுதி 1972இல் வெளிவந்த 'ஆன் அன்சூட்டபிள் ஜாப் ஃபார் எ உமன்' என்ற துப்பறியும் நாவலைப் படித்தவர்கள் அதைப் பற்றிச் சொல்லுங்கள். கதை முழுவதையும் போட்டு உடைக்கப் போகிறோம், அதனால் முடிவு தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

படிக்காதவர்களுக்காகக் கதையின் எலும்பு மட்டும். லண்டனில் பெர்னி பிரைட் என்ற முன்னாள் போலீஸ்காரர் ஒரு சின்னத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். கூட்டாளி கோர்டீலியா கிரே, வயது 22. பெர்னி இறந்துவிட, நிறுவனமும் உரிமம் இல்லாத ஒரு கைத்துப்பாக்கியும் அவளுக்கு வந்து சேர்கின்றன. முதல் வேலை கேம்பிரிட்ஜில். விஞ்ஞானி சர் ரொனால்ட் காலெண்டரின் மகன் மார்க், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு வீட்டில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தவன், குடிசையில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைத்தான். தற்கொலை என்று விசாரணை முடிந்தாயிற்று. ஏன் செய்துகொண்டான் என்று கண்டுபிடிக்கத் தகப்பனே அவளை அமர்த்துகிறார்.

இந்த நாவலில் துப்பு எதுவும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு தோட்டக் கருவி, ஒரு தோல்வார், ஒரு பிரார்த்தனைப் புத்தகம், ஓர் இரத்த வகை, அவ்வளவுதான். ஒவ்வொன்றும் நிஜத்தில் அப்படி வேலை செய்யுமா என்று தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

*

தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கோர்டீலியாவும் அங்கிருந்துதான் தொடங்குகிறாள். குடிசைக்குப் போனதும் அவள் பார்ப்பது: கொத்திக்கொண்டிருந்த வரிசை முடியவில்லை, பல் வைத்த மண்கொத்தி மண்ணிலேயே குத்தி நிற்கிறது, மண் ஒட்டிய காலணி வாசலில் அப்படியே கிடக்கிறது, உள்ளே சமைத்த சாப்பாடு தொடப்படவில்லை.

மண் வேலை தெரிந்தவர்களுக்கு இது உடனே உறுத்தும். வரிசையாகக் கொத்துவது என்றால், முதல் சாலில் எடுத்த மண்ணை ஓரம் ஒதுக்கிவிட்டு, அடுத்த சாலின் மண்ணைப் புரட்டி முந்தைய பள்ளத்தில் போட்டுக்கொண்டே பின்னோக்கிப் போவது. வரிசையை நடுவில் நிறுத்தினால் பாதிப் பள்ளம் திறந்து கிடக்கும், விளிம்பு காய்ந்து சரியும், மறுநாள் அந்த இடத்தை மறுபடி கொத்த வேண்டும். அதனால் இருட்டிவிட்டாலும் வரிசையை முடித்துவிட்டுத்தான் யாரும் நிமிர்வார்கள். கருவியை ஈர மண்ணில் விட்டால் பல் துருப்பிடிக்கும், மரப்பிடி சேரும் இடத்தில் ஈரம் ஏறி ஆட்டம் கொடுக்கும். மார்க் ஒழுங்கான வேலைக்காரன் என்பதற்கு மற்றப் பாத்திகளே சாட்சி. அப்படிப்பட்டவன் இதை விட்டுவிட்டு உள்ளே போனான் என்றால், யாரோ வந்து கூப்பிட்டிருக்க வேண்டும், அவனும் திரும்பி வருவதாக நினைத்திருக்க வேண்டும்.

தடயவியல் பெட்டி எதுவும் இல்லாமல் கிடைத்த முடிவு இது. பெர்னி விட்டுப்போன சம்பவ இடப் பை அவளிடம் இருந்தும், இந்த இடத்தில் உதவியது அது இல்லை. எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த பக்கங்கள் இவை.

*

இரத்த வகை பற்றி. ஆய்வகத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

மார்க்குக்கு 21 வயது நிறைந்தபோது, குடும்பத்தின் பழைய ஆயா பில்பீம் ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொடுக்கிறாள். மார்க் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது இறந்த லேடி காலெண்டர், மகனிடம் சேர்க்கச் சொல்லி விட்டுப்போனது அது. புனித மாற்கு திருநாளுக்கான பக்கத்தில் அவளுடைய பெயரின் முதலெழுத்துகள், அவளுடைய இரத்த வகையான 'ஏ' என்ற எழுத்து, 1952 ஜனவரி 14 என்ற தேதி. கணவர் கண்ணில் பட்டாலும் புரியாத அளவுக்கு அடக்கமாக எழுதியிருக்கிறாள். சர் ரொனால்டும் ஏ வகை. மார்க் பி வகை.

ஏ வகைக்காரரின் மரபணு இரண்டு விதமாக இருக்கலாம்: ஏஏ அல்லது ஏஓ. அப்பா அம்மா இருவரும் ஏ என்றால் பிள்ளைக்குப் போகக்கூடியவை ஏ, ஓ இரண்டுதான். எப்படிச் சேர்த்தாலும் பிள்ளை ஏ அல்லது ஓ. பி வரவே வழியில்லை. எனவே இருவரில் ஒருவராவது பெற்றவர் இல்லை.

இதில் பலர் வழுக்குவது அந்த 'இருவரில் ஒருவராவது' என்ற இடத்தில். ஏபிஓ முறை விலக்க மட்டுமே உதவும், இன்னார்தான் பெற்றவர் என்று சொல்லாது. அப்பா பொய்யா அம்மா பொய்யா என்பதை இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. அதற்குக் கோர்டீலியா வேறு விஷயங்களை நாடுகிறாள்: குறிப்பை எழுதியவளே ஊரறியத் தாய் எனப்பட்டவள், குழந்தை பிறந்தது இத்தாலியில், வயதான டாக்டர் கிளாட்வினைத் தேடிப் போகிறாள், சர் ரொனால்டின் உதவியாளர் மிஸ் லீமிங்கின் நடத்தையைக் கவனிக்கிறாள். மிஸ் லீமிங்தான் பெற்றவள். கணக்குப்படி அவள் பி அல்லது ஏபியாக இருந்தே ஆக வேண்டும்.

'பம்பாய் வகை இருந்தால்?' என்று யாராவது கேட்கக்கூடும். 1952இல் மும்பையில் கண்டறியப்பட்ட அந்த வகையில், உள்ளே பி மரபணு இருந்தும் சோதனையில் ஓ என்று காட்டும். ஆனால் இங்கே இருவரும் ஏ என்று காட்டுகிறார்கள், ஓ என்று இல்லை. அதனால் கதைக்கு ஆபத்தில்லை.

சோதனையும் எளிது. வெள்ளை ஓட்டில் இரண்டு இடத்தில் இரத்தத் துளி வைத்து, ஒன்றில் ஏ எதிர்ச்சீரமும் (ஏ வகை இரத்தத்தைத் திரளவைக்கும் நீர்மம்) மற்றதில் பி எதிர்ச்சீரமும் விட்டுக் கலக்கி, ஓட்டை மெல்ல ஆட்ட வேண்டும். எதில் திரிந்த பால்போலக் கட்டிகட்டுகிறதோ அது வகை. இரண்டு நிமிடத்துக்கு மேல் விட்டால் ஓரம் காய்ந்து, கட்டி மாதிரியே தெரியும். தவறு வருவது பெரும்பாலும் அங்கேதான். அதனால்தான் சீரத்தை வைத்துத் திருப்பிச் சோதிக்கும் இரண்டாவது முறையும் உண்டு. மரபணு ரேகை முறை 1984இல்தான் வந்தது. 1972இல் ஒரு மகன் தன் பிறப்பைச் சந்தேகிக்க இதைவிட எளிய வழி இல்லை.

*

மேலே இரத்த வகை எழுதியவருக்கு நன்றி. ஆசிரியருக்கு இந்த விவரம் எப்படிக் கைவந்தது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. பி.டி. ஜேம்ஸ் பல ஆண்டுகள் பிரிட்டிஷ் தேசிய சுகாதாரப் பணியில் மருத்துவமனை நிர்வாகம் பார்த்தவர். 1968இல் உள்துறை அமைச்சகத்துக்கு மாறி, அங்கே போலீஸ், குற்றவியல் பிரிவுகளில் 1979 வரை வேலை செய்தார். இந்த நாவல் அந்தக் காலத்தில் எழுதியது. பள்ளிப் படிப்பு கேம்பிரிட்ஜில். ஆற்றங்கரையும் கல்லூரிப் புல்வெளியும் சுற்றுலாப் பயணி எழுதியவைபோல இல்லாமல் இருப்பது அதனால்தான்.

*

கிணறு பற்றி யாரும் தொடவில்லையே.

கோர்டீலியாவைக் குடிசைக்குப் பக்கத்துப் பழைய கிணற்றில் தள்ளி மேலே மூடியைப் போட்டுவிடுகிறார்கள். நம் வாசகர்கள் ஏற்றமும் படிக்கட்டும் உள்ள அகன்ற பாசனக் கிணற்றை மனதில் வைத்துக்கொண்டு, 'எப்படி ஏறினாள்?' என்று கேட்கிறார்கள். அது குறுகிய கிணறு. உறைகிணறு என்று நினைத்துக்கொண்டால் காட்சி சரியாகிவிடும். முதுகை ஒரு பக்கச் சுவரிலும் பாதங்களை எதிர்ச்சுவரிலும் அழுத்தி, உள்ளங்கையைப் பின்னால் ஊன்றி உடம்பை இரண்டு மூன்று அங்குலம் தூக்கி, பிறகு கால்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்த வேண்டும். உறைகிணற்றில் தூர் வாருபவர்களும் கயிற்றோடு சேர்த்து இப்படித்தான் காலை ஊன்றி இறங்குவார்கள்.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. கிணற்றின் அகலம், உட்கார்ந்து கால் நீட்டினால் வரும் நீளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும், முழுக்க நீண்டுவிட்டால் அழுத்தம் போய்விடும். தண்ணீர் மட்டத்தை ஒட்டிய பகுதியில் பாசி வழுக்கும், அந்தப் பகுதிதான் மிகக் கடினம். மேலே வந்த பிறகு சுவர் காய்ந்திருந்தாலும் தொடைச் சதை நடுங்க ஆரம்பித்துவிடும். பலர் தோற்பது பலம் இல்லாமல் இல்லை, நடுவில் ஓய்வெடுக்க வழி இல்லாமல்.

கோர்டீலியாவிடம் அந்த வழி இருந்தது. மார்க் இறந்துகிடந்த அந்தத் தோல்வாரை அவள் இடுப்பில் கட்டியிருந்தாள். மேல்பகுதியில் மிஞ்சியிருந்த ஏணிப்படியில் அதை மாட்டித் தன் எடையை அதன்மேல் போட்டுக் காத்திருக்கிறாள். கொலைக்குப் பயன்பட்ட பொருளே உயிரைத் தாங்குகிறது. ஆசிரியர் இதை வாயால் விளக்கவில்லை, பொருளை அங்கே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

*

கிணற்றுக் காட்சியில் எனக்கு ஒரு மனக்குறை. மூடியைத் திறக்க, மார்க் வேலை பார்த்த வீட்டைச் சேர்ந்த மிஸ் மார்க்லேண்ட் அந்த நேரத்தில் அங்கே வருவது தற்செயல். இவ்வளவு கவனமாகக் கட்டிய கதையில் உயிர் பிழைப்பதை மட்டும் இன்னொருவர் வரவின்மேல் தொங்கவிட்டிருக்க வேண்டாம்.

*

அக்கா, அது முழுத் தற்செயல் இல்லை. மிஸ் மார்க்லேண்டின் நாலு வயது மகன் விழுந்து இறந்தது அதே கிணற்றில். அவள் மனம் அந்த இடத்தையே சுற்றி வருவதை ஆசிரியர் முன்கூட்டியே காட்டியிருக்கிறார். மூடி நகர்ந்திருப்பதை அந்த வீட்டில் வேறு யாரும் கவனிக்க மாட்டார்கள், அவள் கவனிப்பாள். நேரம் பொருந்தியது மட்டும் அதிர்ஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

*

சட்டப் பக்கம் சில விவரங்கள், படிக்கும்போது இடறக்கூடியவை.

இங்கிலாந்தில் சந்தேக மரணத்தை விசாரித்து முடிவு சொல்வது கொரோனர். நம் ஊரில் போலீஸ் பிரேத விசாரணை நடத்துவதுபோல இல்லை. யார் இறந்தார், எப்போது, எங்கே, எப்படி என்பதோடு அவர் வேலை முடிகிறது. ஏன் என்ற கேள்வி தொங்கலில் நிற்பதால்தான் சர் ரொனால்ட் தனியார் துப்பறிவாளரை அமர்த்துவது நம்பும்படி இருக்கிறது. தற்கொலை முயற்சி அங்கே 1961இலேயே குற்றப்பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது.

தனியார் துப்பறிவாளருக்கு அன்று உரிமம் எதுவும் தேவையில்லை. 22 வயதுப் பெண் ஒரு பெயர்ப்பலகையைச் சொத்தாகப் பெற்று மறுநாளே தொழில் நடத்துவது சட்டப்படி சரி. துப்பாக்கி அப்படி இல்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். பெர்னி செய்ததும் குற்றம், வாங்கி வைத்துக்கொண்ட கோர்டீலியா செய்வதும் குற்றம். அதனால்தான் அவள் துப்பாக்கியை ஓரிடத்திலும் தோட்டாக்களை வேறிடத்திலும் ஒளித்துவைக்கிறாள்.

இன்னொன்று, தலைப்புக்காக. 1972இல் லண்டன் பெருநகரப் போலீசில் பெண்கள் தனிப் பிரிவு. பெண்கள், சிறுவர்கள் சம்பந்தப்பட்ட வேலையே அவர்களுக்கு முக்கியமாகக் கொடுக்கப்பட்டது. 1973இல்தான் அந்தப் பிரிவை மொத்தப் படையோடு சேர்த்தார்கள். ஆக, 'இது பெண்ணுக்குப் பொருந்தாத வேலை' என்று கதையில் ஆளுக்கு ஆள் சொல்வது ஏதோ கிழவர்களின் முணுமுணுப்பு இல்லை, அன்றைய நிர்வாக அமைப்பே அப்படித்தான் இருந்தது.

*

கடைசி மூன்றில் ஒரு பகுதிதான் என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர், அதே சமயம் பெரிய விவாதத்துக்கும் உரியது. மகனைக் கொன்றது சர் ரொனால்ட். மார்க் உண்மையைத் தெரிந்துகொண்டதால் தாய்வழித் தாத்தாவின் பணம் கைவிட்டுப் போகும், ஆய்வகம் படுத்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட மிஸ் லீமிங், கோர்டீலியாவின் துப்பாக்கியாலேயே அவரைச் சுட்டுவிடுகிறாள். கோர்டீலியா அதைத் தற்கொலையாக மாற்றி அமைக்கிறாள்: கைரேகையைத் துடைக்கிறாள், துப்பாக்கியை இறந்தவர் கையில் அழுத்திப் பதிக்கிறாள், இருவரும் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார்கள்.

இதில் நுட்பமான இடம் அந்த ஒத்திகை. புதுக்கதை எதையும் அவர்கள் கட்டவில்லை. நடந்த எல்லாவற்றையும் நடந்தபடியே சொல்லி, ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றுகிறார்கள். இருவர் சேர்ந்து பொய் சொல்லும்போது உடைவது பெரும்பாலும் சின்னச் சின்ன விவரங்களில்: யார் எங்கே நின்றார், விளக்கு எரிந்ததா, சத்தம் கேட்டதும் யார் முதலில் ஓடினார். நிஜத்தை ஒட்டியே நின்றால் இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, நினைவிலிருந்தே சொல்லலாம். தேவையில்லாத பொய் சொல்லாதே என்பது பெர்னி கற்றுக்கொடுத்த பாடம். பெர்னிக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் போலீஸ் அதிகாரி ஆடம் டால்கிலீஷ். முடிவில் கோர்டீலியாவை உட்காரவைத்து விசாரிப்பவரும் அதே டால்கிலீஷ்! தன் பாடமே தனக்கு எதிராக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதை அவர் உணர்கிறார்.

*

இன்று இந்த ஏற்பாடு நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி வெடிக்கும்போது தோட்டாவின் மூட்டுமருந்திலிருந்து (வெடிமருந்தைப் பற்றவைக்கும் மருந்து) ஈயம், பேரியம், ஆன்டிமனி கலந்த நுண்துகள்கள் சுட்டவர் கையில் படியும். மின்னணு நுண்ணோக்கியில் அவற்றை வடிவத்தோடு பார்க்கும் முறை 1970களின் பிற்பகுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்த மெழுகுச் சோதனை, உரம், புகையிலைச் சாம்பல் போன்றவற்றுக்கும் நிறம் காட்டும் என்பதால் மதிப்பிழந்திருந்தது. துகள்கள் கை கழுவினாலே போய்விடும், சில மணி நேரத்தில் தானாகவும் உதிரும். ஆனால் இறந்தவர் கை அசையாது, அதில் துகள் இருக்கிறதா இல்லையா என்பது அப்படியே இருக்கும். டால்கிலீஷுக்கு உள்ளுணர்வில் எல்லாம் தெரிந்தும் நிரூபிக்க முடியாமல் போவதற்கு 1972 என்ற ஆண்டும் ஒரு காரணம்.

ஆனாலும் அவர் விட்டுவிடுவதற்கு உடனடிக் காரணம் வேறு. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே மிஸ் லீமிங் இத்தாலியில் கார் விபத்தில் இறந்த செய்தி வருகிறது. அதற்குப் பிறகு கோர்டீலியா அழுவது தனக்காக இல்லை, பெர்னிக்காக. அவரை வேலையை விட்டு அனுப்பிய டால்கிலீஷ் அவரை மறந்தேபோயிருந்தார் என்ற கோபத்தில். இத்தனை தடயம் பேசிய நாவல் அங்கே ஒரு தோற்ற மனிதரின் மரியாதையைக் கேட்டு நிற்கிறது. அந்த ஒரு பக்கத்துக்காக மற்றக் குறைகளை நான் மன்னிப்பேன்.

*

வாங்கிப் படிக்கப் போகிறவர்களுக்கு: கோர்டீலியா வரும் இரண்டாவது நாவல் 'த ஸ்கல் பினீத் த ஸ்கின்', 1982. தீவு, பழைய மாளிகை, நாடகக் குழு என்று அது வேறு வகை. தொழில் விவரம் குறைவு. முதலில் 1972, பிறகு 1982 என்ற வரிசையிலேயே படியுங்கள். 1997இலிருந்து வந்த தொலைக்காட்சித் தொடரில் கோர்டீலியாவைக் கர்ப்பிணியாக்கிக் கதையை மாற்றியது ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை, அதன்பின் அவளை வைத்து அவர் நாவல் எழுதவில்லை. தொடரை முதலில் பார்த்துவிட்டால் அந்த முகமே மனதில் உட்கார்ந்துவிடும், புத்தகத்தை முன்னால் வையுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் கனமானது. முதல் அத்தியாயத்தில் லண்டன் அலுவலகம் வரும் பக்கங்கள் மெதுவாகப் போகும், குடிசைக்கு அவள் போய்ச் சேரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.