புதுப்பிப்பு: மைசூரில் பிள்ளைகளோடு இரண்டு நாள்

ஐந்து வயது, எட்டு வயதுப் பிள்ளைகளை மைசூரில் அரண்மனை தவிர எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

சனிக்கிழமை ரயில் அருங்காட்சியகம். அரை மணி நேரம் போதும் என்று நினைத்தேன். பழைய நீராவி எஞ்சினில் ஏறிய பெரியவன் இறங்கவே மறுத்துவிட்டான். மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.

ஞாயிறு காலை எட்டரைக்கே உயிரியல் பூங்காவுக்குள் நுழையச் சொன்ன யோசனைதான் உண்மையில் கைகொடுத்தது. வெயில் ஏறுமுன் ஒட்டகச்சிவிங்கிகளை ஆற அமரப் பார்த்தோம். நடைதான் அதிகம், சின்னவள் பாதியிலேயே என் தோளில். செவ்வாய்க்கிழமை பூங்கா விடுமுறை, கவனம்.

அன்றிரவு ஏழு மணிக்கு அரண்மனை விளக்குகள் ஒரே நொடியில் எரிந்தன. சின்னவள் ஏனோ காதைப் பொத்திக்கொண்டாள்!