பல்பு கரண்டைத் தின்கிறதா? மின்சுற்றுப் பாடத்தில் உங்கள் அனுபவம் என்ன?

துணைப்பாட ஆசிரியை, உட்லண்ட்ஸ்:

உயர்நிலை 3, 4 மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். மின்சுற்றுப் பாடம் வந்தால் எல்லாரும் ஒரே எண்ணத்தோடுதான் வருகிறார்கள். பேட்டரியிலிருந்து கரண்ட் கிளம்புகிறது, முதல் பல்பு கொஞ்சம் தின்கிறது, மிச்சம் இருப்பதுதான் அடுத்த பல்புக்கு. ஓம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் உள்ளே இருப்பது இந்தக் கதைதான்.

போன வாரம் ஒரு பையன் விடவே இல்லை. தொடர் இணைப்பில் இரண்டு பல்பு போட்டிருந்தோம். இரண்டாவது சற்று மங்கல். "பாத்தீங்களா டீச்சர், முதல் பல்பு சாப்பிட்டுடுச்சு" என்றான். சரி, இரண்டையும் இடம் மாற்றிப் போடு என்றேன். மங்கலானது முதல் இடத்துக்குப் போயும் மங்கலாகவே எரிந்தது. ஒரே பெட்டியில் வாங்கிய பல்புகளானாலும் இழைகள் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். அப்புறம் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என்று மாற்றி மாற்றி இணைத்தான். எல்லா இடத்திலும் ஒரே அளவு. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

நான் சைக்கிள் சங்கிலியைத்தான் சொல்வேன். மிதித்த உடனே சங்கிலி முழுவதும் சேர்ந்து நகர்கிறது. பின்சக்கரம் சங்கிலியில் ஒரு கண்ணியைக்கூடத் தின்பதில்லை. செலவாவது மிதிக்கிறவரின் சக்திதான். கம்பியிலும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிரம்பி இருக்கின்றன, பேட்டரி அவற்றைத் தள்ளுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் விநாடிக்கு வெறும் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம்! சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிவது அதனால்தான் பிள்ளைகளுக்குப் புதிராகிறது.

அதே பையன் இன்னொன்றும் பிடித்தான். 3 வோல்ட்டில் ஒரு பல்பு 0.3 ஆம்பியர் எடுத்தது, அதாவது மின்தடை 10 ஓம். தொடரில் இரண்டு போட்டால் 20 ஓம், 0.15 ஆம்பியர் வர வேண்டும். மீட்டர் 0.2-ஐ ஒட்டி நின்றது. "அப்ப ஓம் விதி பொய்யா?" நல்ல கேள்வி. பல்பு இழை சூடேறினால் மின்தடை கூடும். இரண்டு பல்பு மங்கலாக எரியும்போது இழையின் சூடு குறைவு, மின்தடையும் 10 ஓமுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கம்பியின் வெப்பநிலை மாறாதவரைதான் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதம். பயிற்சித் தாள்களில் இந்த நிபந்தனையை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மின்பணியாளர், ஈசூன்:

டீச்சர் சொன்ன "எல்லா இடத்திலும் ஒரே அளவு" என்பதை வைத்துத்தான் வீட்டில் உயிரைக் காப்பாற்றும் கருவியே வேலை செய்கிறது. டிபி பெட்டியில், அதாவது வீட்டின் மின்விநியோகப் பெட்டியில், டெஸ்ட் பொத்தானோடு இருக்குமே, அந்த ஆர்சிசிபி. லைவ் கம்பி, நியூட்ரல் கம்பி இரண்டும் அதற்குள் ஒரே வளையத்தின் ஊடாகப் போகின்றன. போன கரண்ட் அப்படியே திரும்பினால் வளையம் சும்மா இருக்கும். யாராவது லைவைத் தொட்டு, கொஞ்சம் அவர் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கினால் கணக்கு இடிக்கும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வருவதற்குள் சட்டென்று துண்டித்துவிடும். அதாவது 0.03 ஆம்பியர். ஆனால் ஒன்று: லைவையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரு கையால் பிடித்து, தரைக்கு எதுவும் கசியாவிட்டால், போனது திரும்பிவிடுகிறதே, அதற்குத் தெரியாது. அதனால் ஆர்சிசிபி இருக்கிறது என்று துணிச்சல் வேண்டாம்.

சிங்கப்பூரில் 1985-க்கு முன் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் சிலவற்றில் இது இல்லாமல் இருந்தது. 2023 ஜூலையிலிருந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயம், பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் ஓர் ஆச்சி வீட்டில் மாட்டினேன். சமையலறையில் ஒரே பல வழி பிளக்கில் கேத்தலும் இஸ்திரிப் பெட்டியும். கேத்தல் 2,200 வாட், இஸ்திரி 2,000 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 9.6-உம் 8.7-உம். பக்க இணைப்பில் கரண்ட் கூடும், 18 ஆம்பியருக்கு மேல். பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர். "ரெண்டும் தனித்தனியாத்தானேப்பா போட்டிருக்கு" என்றார். தனித்தனி ஓட்டைதான், பின்னால் கம்பி ஒன்று என்று கழற்றிக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

உயர்நிலை 4 மாணவி:

அங்கிள், இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். "கரண்ட் முழுசா திரும்பிப் போயிடுதுன்னா எதுக்கு பில் கட்டுறோம்?" என்று கேட்டார்! வீட்டுக்கு வருவது மாறுமின்னோட்டம், விநாடிக்கு 50 சுற்று, எலக்ட்ரான் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது, நாம் கட்டுவது ஆற்றலுக்கு என்றேன். நம்பவில்லை. அதனால் கேத்தலை வைத்தே கணக்குப் போட்டேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர், 28 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை: 453,600 ஜூல். 2,200 வாட் கேத்தல் என்றால் 3 நிமிடம் 26 விநாடி. கடிகாரத்தில் 4 நிமிடத்தைத் தாண்டியது, ஏனென்றால் கேத்தல் உடம்பும் காற்றும் ஒரு பங்கு வாங்கிக்கொள்கின்றன. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். கடிகாரத்தில் ஓடிய 4 நிமிடத்தை வைத்துப் பார்த்தால் ஒரு கேத்தல் தண்ணீருக்கு யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்பா உடனே குளிர்சாதனப் பெட்டிக்குக் கணக்குப் போடச் சொல்கிறார். அது தேர்வுக்குப் பிறகு.

ஒரு தாய், செங்காங்:

என் மகன் தொடக்கநிலை 5. மேலே டீச்சர் சொன்ன பல்பு மாற்றும் சோதனையை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறான். சாமான் எங்கே கிடைக்கும்?

துணைப்பாட ஆசிரியை, உட்லண்ட்ஸ்:

சிம் லிம் டவருக்குப் போங்கள் அக்கா, பல்பு, பேட்டரிக் கூடு, முதலைக் கவ்வி வயர் எல்லாம் சில்லறையாகவே கிடைக்கும். இழை பல்பு என்று கேட்டு வாங்குங்கள். எல்இடி ஒரு திசையில் இணைத்தால்தான் எரியும், பையன் குழம்பிப்போவான். மல்டிமீட்டர் வாங்கினால், ஆம்பியர் அளவில் வைத்து பேட்டரியின் இரு முனைக்கும் நேராக இணைக்க விடாதீர்கள். அதன் உள்தடை மிகக் குறைவு, முதலில் போவது உள்ளே இருக்கும் ஃபியூஸ். சுவர் பிளக் பக்கமே போகக் கூடாது, 1.5 வோல்ட் செல் இரண்டு போதும்.